பேசாலையிற் காத்திருந்த விளக்கு

மன்னார்த் தாம்போதியில் எமது பஸ்வண்டி ஏறியபொழுது கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருந்தது. இரு மருங்கும் ஆழமில்லாக் கடல். டிசெம்பர் மாதமாகையால், வலசை வந்த பூநாரைகள் தூரத்தே கூட்டமாக நின்றன. சன்னலோரம் அமர்ந்திருந்த எம் மகன், "அப்பா, அவை ஆருக்காகக் காத்துக்கொண்டு நிற்கின்றன?" என்று கேட்டான். ஏழு வயதுப் பிள்ளையின் கேள்வி. "இரைக்காகத்தான்" என்று சுருக்கமாக விடை கூறிவிட்டு நாம் மூட்டைகளை எண்ணத் தொடங்கினோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த பயணம் இது. நத்தாருக்கு முந்திய நான்கு ஞாயிறுகளையும் தன்னுள் அடக்கிய காலத்தைக் கத்தோலிக்கர் திருவருகைக் காலம் என்பர். நவம்பர் 30ஆந் திகதி புனித அந்திரேயாவின் திருநாள். அதற்கு மிக அண்மையில் வரும் ஞாயிறே இக்காலத்தின் முதல் ஞாயிறு. அந்திரேயாவோ கலிலேயாக் கடலில் வலை வீசிப் பிழைத்தவர். ஆகவே, திருச்சபை தன் ஆண்டைத் தொடங்குவதற்கு ஒரு மீனவரின் வீட்டு வாசலையே அடையாளமாக வைத்திருக்கிறது என்று நாம் எண்ணிக்கொள்வதுண்டு. கொழும்பிலே வாழ்வோருக்கு இவ்வெண்ணம் எளிதில் வாராது. அங்கே இக்காலம் கடைகளிற் பிறந்து கடைகளிலேயே முடிந்துவிடுகின்றது. அந்த ஆண்டு நவம்பரிலே எம் மகள் பத்திரிகை விளம்பரம் ஒன்றைப் பார்த்துவிட்டு, திருவருகை என்றால் மலிவு விற்பனையா என்று கேட்டாள். எம் இல்லாள் எம்மைப் பார்த்தாள். அன்றிரவே பேசாலைக்குப் போவதென்று முடிவாயிற்று.

பேசாலையில் எம் சின்னம்மா இருக்கின்றார். எம் தாயார் மறைந்தபின் எம்மை வளர்த்தெடுத்தவர் அவரே. அவரைக் கண்டு மூன்று நத்தார் கடந்துவிட்டன. ஆண்டுதோறும் டிசெம்பர் முதல் வாரத்திலே தவறாமற் காசு அனுப்பினோம். காசு போனால் நாமே போனது போலாகும் என்று நம்புவது உத்தியோகக்காரருக்கு உள்ள ஒரு வியாதி.

மன்னார்ப் பட்டினத்தில் இறங்கி, கழுதைகளுக்கு வழிவிட்டு நின்று, தலைமன்னார்ப் பக்கம் செல்லும் வண்டியைப் பிடித்தோம். பள்ளிமுனைப் பெருக்கு மரத்தைப் பார்க்கவேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தனர். திரும்பும்போது என்று சொல்லி ஏய்த்தோம். எருக்கலம்பிட்டிக்குப் பிரியும் பாதையைக் கடந்தோம். 1990 ஒக்டோபரிலே இத்தீவின் முஸ்லிம் மக்கள் அனைவரும் வீடு வாசலை விட்டு வெளியேற்றப்பட்டனர். அவர்களிற் பலர் மீண்டு வருவதற்கு ஒரு தலைமுறைக் காலம் சென்றது. தோட்டவெளியைக் கடக்கும்போது வேதசாட்சிகளின் நினைவாலயத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டினோம். 1544ஆம் ஆண்டிலே, புனித பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவானவரிடம் ஞானஸ்நானம் பெற்ற மன்னார் மக்கள் ஏறத்தாழ 600 பேர் யாழ்ப்பாணத்து மன்னன் சங்கிலியின் ஆணையால் கொல்லப்பட்டனர். அவர்கள் துறவியர் அல்லர், கல்விமான்களும் அல்லர். புதிதாக மதம் சேர்ந்த குடும்பங்கள். தாய், தகப்பன், பிள்ளைகள். அவர்களது விசுவாசத்துக்கு ஒரு வயதுகூட நிரம்பியிருக்கவில்லை.

பேசாலையை நெருங்குகையில் தென்கரையோரம் வரிசையாக நிற்கும் பெருங் காற்றாடிகள் தெரிந்தன. 2020 டிசெம்பரில் இயங்கத் தொடங்கிய மின்னுற்பத்தி நிலையம் அது, 30 காற்றாடிகள். இவ்வூருக்கு இவ்வாறான பெருந் திட்டங்கள் புதியனவல்ல. 1970களிலே இங்கே எண்ணெய் இருக்கின்றதென்று நிலத்தைத் துளைத்துப் பார்த்தார்கள். சின்னம்மாவின் வீட்டு விளக்குக்கு அன்றும் இன்றும் தேங்காயெண்ணெய்தான்.

அந்த விளக்கைப் பற்றி முதலிற் சொல்லிவிடல் வேண்டும். வீதியைப் பார்த்த சன்னலின் உட்திண்ணையிலே, திருவருகைக் காலம் முழுவதும் மாலை ஆறு மணிக்கு ஒரு சிறு விளக்கு ஏற்றப்படும். வீட்டிலே மின்சாரம் உண்டு; முற்றத்திலும் மின்குமிழ் உண்டு. எனினும் அந்த விளக்கு எரியும். நாம் போய்ச் சேர்ந்தது சனிக்கிழமை காலை. அன்று மாலை அதற்குத் திரியிட்டவர் சின்னம்மா அல்லர், அவருடைய பேத்தி. பாட்டியின் கை இப்போது நடுங்குகின்றதாம். மூன்று நத்தாருக்கு முன் அது நடுங்கவில்லை.

ஏழு மணிக்குச் செபம். சின்னம்மா, அவர் மகனாகிய எம் தம்பி, தம்பியின் மனைவி, அவர்களின் இரண்டு பிள்ளைகள், நாங்கள் நால்வர். பாய் விரித்து முழந்தாளிட்டோம். செபமாலை முடிந்தது. எழும்பப் போன எம் மகனைத் தம்பியின் மகள் கையைப் பிடித்து இருத்தினாள். அதன் பின்னர்தான் அந்த வீட்டுக்கே உரிய செபம் தொடங்கிற்று. வீட்டிலே இல்லாதவர்களின் பெயர்களைச் சின்னம்மா ஒவ்வொன்றாகச் சொல்வார். ஒவ்வொரு பெயருக்கும் எல்லாரும் சேர்ந்து ஒரு பரலோக மந்திரமும் ஓர் அருள்நிறை மந்திரமும் சொல்லுதல் வேண்டும். பிரான்சிலிருக்கும் மகளுக்காக. அவள் பிள்ளைக்காக. தொழிலுக்குக் கடலிற் போயிருப்பவர்களுக்காக. "பூசணிக்காய் ஐயாவுக்காக." இந்தப் பெயரைக் கேட்டதும் எம் பிள்ளைகள் சிரிப்பை அடக்கமாட்டாது குனிந்துகொண்டனர். சின்னம்மா அதைப் பொருட்படுத்தாது அடுத்த பெயரைச் சொன்னார்.

அது எமது பெயர்.

பழக்கத்தினாற் சொல்லிவிட்டார். நாம் அவருக்கு இரண்டு முழத் தூரத்திலே முழந்தாளிட்டிருந்தோம். ஆயினும் வீட்டார் எல்லாரும் அதே பழக்கத்தினால் மந்திரத்தைத் தொடங்கிவிட்டனர். எம் மகள் எம்மை நிமிர்ந்து பார்த்தாள். தான் அங்கேயே இருக்கையில், தன் பெயருக்குத் தானே மந்திரம் சொல்வதா, வாய்மூடியிருப்பதா? நாம் வாய்மூடியிருந்தோம். மூன்று ஆண்டுகளாக, நத்தார்க் காலத்து இரவு தோறும், கடலிற் போனவர்களின் வரிசையிலே எம் பெயரும் இருந்திருக்கின்றது. அவ்வேளைகளில் நாம் கொழும்பிலே என்ன செய்துகொண்டிருந்தோம் என்று நினைத்துப் பார்த்தோம். பெரும்பாலும் தொலைக்காட்சிதான்.

மறுநாள் திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு. காலைப் பூசைக்கு வெற்றியன்னை கோவிலுக்குப் போனோம். பேசாலையின் வாழ்வு இக்கோவிலைச் சுற்றியே நடக்கின்றது. அதன் துயரமும் அப்படியே. 2006 யூன் மாதத்தில், போருக்கு அஞ்சி இதனுள் அடைக்கலம் புகுந்திருந்த மக்கள்மீது கைக்குண்டு வீசப்பட்டது. அன்று காலையோ கோவிலுள் மழையில் நனைந்த குடைகளின் மணமும் குழந்தைகளின் இருமலுமே நிறைந்திருந்தன. பீடத்தின் அருகே பச்சை இலைகளால் வளையம் கட்டி நான்கு மெழுகுதிரிகள் நிறுத்தியிருந்தனர். மூன்று ஊதா நிறம், ஒன்று இளஞ்சிவப்பு. இளஞ்சிவப்புத் திரி மூன்றாம் ஞாயிறுக்கு உரியது. காத்திருப்பின் நடுவே மகிழ்ச்சியை நினைப்பூட்டும் நாள் அது. இவ்வழக்கம் தொன்றுதொட்டு வந்ததெனச் சிலர் எண்ணுவர். உண்மையில், 1839ஆம் ஆண்டிலே செருமனியின் அம்பேர்க் நகரில் ஏழைச் சிறுவர்களை வளர்த்த யோகான் விக்கெர்ன் என்னும் லூத்தரன் போதகர், நத்தாருக்கு இன்னும் எத்தனை நாள் என்று நச்சரித்த பிள்ளைகளுக்காக ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுதிரிகளை நட்டுவைத்தார். அதிலிருந்து தோன்றியதே இது. பிற்காலத்திலே கத்தோலிக்கரும் அதனை ஏற்றுக்கொண்டனர். பிள்ளைகளின் பொறுமையின்மையிலே பிறந்த வழக்கம் என்பதால் எமக்கு அதன்மீது தனிப் பிரியம்.

அன்று மதியம் சோற்றுடன் விளைமீன் குழம்பு, சொதி, அவற்றோடு ஒரு பூசணிக்காய்க் கறி. மீனவர் வீட்டிலே ஞாயிற்றுக்கிழமைப் பூசணிக்காயா என்று எம் இல்லாள் வியந்தாள். எம் மகளோ உடனே, "பூசணிக்காய் ஐயா ஆர், பாட்டி?" என்று கேட்டுவிட்டாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. அவித்த பனங்கிழங்கை உரித்து நார் களைந்து பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டே சின்னம்மா கதை சொன்னார்.

1964ஆம் ஆண்டு. சின்னம்மாவுக்கு அப்போது ஒன்பது வயது. எம் பாட்டனார் கடற்றொழிலை விட்டுத் தலைமன்னார்த் துறையிலே பயணிகளின் மூட்டை சுமக்கும் வேலை பார்த்துவந்தார். 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. இடையிலுள்ள கடல் ஏறக்குறைய 30 கிலோமீற்றர்தான். டிசெம்பர் 22ஆந் திகதி செவ்வாய்க்கிழமை, நத்தாருக்கு மூன்று நாள் இருக்கையிலே, சூறாவளி வந்தது. இரவோடிரவாக வீட்டுக் கிடுகுக் கூரை பறந்தது. பாட்டியார் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கோவிலுக்கு ஓடினார். களிமண்ணாற் செய்து வைத்திருந்த பாலன் குடிலின் உருவங்கள் மழையிலே கரைந்து, மாடு எது, சூசையப்பர் எது என்று தெரியாமற் போயின. "மாடும் சூசையப்பரும் ஒண்டாய்ப் போச்சினம்" என்று சொல்லி, பல்லாண்டுகளுக்கு முந்திய அந்தக் களிமண்ணுக்காகச் சின்னம்மா இப்போதும் சிரித்தார்.

அந்த இரவிலே தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து அங்கே போய்க்கொண்டிருந்த புகையிரதத்தைக் கடல் கொண்டுபோயிற்று. அதிலிருந்தோர் எவரும் மிஞ்சவில்லை. பேசாலையில் இருந்தவர்களுக்கு இவை ஒன்றும் தெரியாது. பாட்டனார் வரவில்லை என்பது ஒன்றே தெரியும். புதன் போயிற்று. பாட்டியார் கூரையில்லாத வீட்டுக்குத் திரும்பி, அரிக்கன் லாம்பு ஒன்றைக் கொளுத்தி வாசலிலே வைத்தார். சோறு சமைத்து ஒரு கோப்பையிலே போட்டு மூடி உறியில் வைத்தார். அது பழுதாகிற்று, மறுநாள் வேறு சோறு சமைத்து வைத்தார். ஏதும் பேசவில்லை என்கிறார் சின்னம்மா. பிள்ளைகள் அழுதபோது, "இருளுக்குள்ளே வாற மனுசன் வீட்டைத் தவற விடக்கூடாது" என்று மட்டும் சொன்னாராம்.

வியாழக்கிழமை, நத்தாருக்கு முதல் நாள், மைம்மலிலே பாட்டனார் நடந்து வந்தார். அவர் தனியாக வரவில்லை. தமிழ்நாட்டுக்குத் திரும்பவிருந்த முதிய வியாபாரி ஒருவரைக் கையிற் பிடித்துக் கூட்டிவந்தார். அவர் ஏறவேண்டிய கப்பல் போகவில்லை. போய்ச் சேரவேண்டிய துறையே கடலுக்குள் போயிற்றே. துறையிலே மூட்டையின்மேல் உட்கார்ந்திருந்தவரை விட்டுவர மனம் வரவில்லை என்றாராம் பாட்டனார். பாட்டியார் ஒன்றும் கேளாமல் உறியிலிருந்த கோப்பையை இறக்கி வந்தவரின் முன்னே வைத்தார். அவர் கை கூப்பினார், சாப்பிடவில்லை. அவர் சைவ போசனக்காரர். கோப்பையிலிருந்தது மீன்.

இந்த இடத்திலே சின்னம்மா நிறுத்தி, எம் பிள்ளைகளை ஒருமுறை பார்த்தார். மீனைத் தவிர வேறொன்றுமில்லாத ஊர், புயல் அடித்த ஊர், கூரையில்லாத வீடு. கணவன் உயிரோடு வந்த மகிழ்ச்சியைக்கூடக் கொண்டாட நேரமில்லாமற் பாட்டியார் குடையுமின்றி வெளியே போனார். நான்கு வீடு தாண்டி ஒரு வீட்டிலே, காற்றிற் பிடுங்குண்ட கொடியோடு ஒரு பூசணிக்காய் கிடந்தது. கழுவிய புதுச் சட்டியிலே அதைச் சமைத்துக் கொடுத்தபின்னரே அந்த வீட்டார் நத்தார்ப் பூசைக்குப் போயினர். அந்த ஐயா பன்னிரண்டு நாட்கள் அங்கே இருந்தார். பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். பின்னர் கொழும்பு வழியாக ஊர் திரும்பினார். ஒரு கடிதம் வந்தது. பிறகு வரவில்லை.

"அவர் இப்ப செத்திருப்பார், பாட்டி" என்றாள் எம் மகள், கணக்குப் பார்த்து.

"செத்தால் ஆன்ம இளைப்பாற்றிக்கு. இருந்தால் சுகத்துக்கு. மந்திரம் ஒண்டுதானே பிள்ளை" என்றார் சின்னம்மா.

பெயர் சொல்லும் செபம் அந்த ஆண்டு முதல்தான் தொடங்கியதாம். 1990இலே இவ்வூரார் பலர் வள்ளமேறி அக்கரை சேர்ந்து மண்டபம் முகாமில் அகதிகளாக இருந்தபோதும் அது நிற்கவில்லை. அங்கே ஒரு மைப் போத்தலிலே திரியிட்டு விளக்கு வைத்தார் சின்னம்மா. அப்போது நாமும் சிறு பையனாக அவர் பக்கத்தில் முழந்தாளிட்டிருந்தோம். நினைவிருக்கின்றது. எரிச்சலோடு முழந்தாளிட்டதும், பசியிலே இத்தனை பெயர்களா என்று சினந்ததும் நினைவிருக்கின்றன.

திங்கட்கிழமை விடியுமுன் தம்பி தொழிலுக்குப் போய்விட்டார். இத்தீவின் மீனவருக்கு இரண்டு கடல்கள் உண்டு. வாடைக்காற்று வீசும் மாதங்களிலே வடகடல் கொந்தளிக்கும். ஆகவே தென்கடலுக்கு மாறுவர். சோளகம் தொடங்கினால் மீண்டும் வடகடல். எட்டு மணிக்குக் கரைக்கு வரவேண்டிய படகு பத்து மணியாகியும் வரவில்லை. காற்று உரத்திருந்தது. நாம் இரண்டு முறை கரைக்குப் போய்த் திரும்பினோம். தம்பியின் மனைவி ஒருமுறைதான் வாசலுக்கு வந்தாள். சின்னம்மா பிட்டவித்து, தம்பியின் கோப்பையிலே போட்டு மூடிவைத்துவிட்டு முற்றத்தைக் கூட்டினார். எமக்கு அந்த அமைதி விளங்கவில்லை. "பயமில்லையா சின்னம்மா?" என்று கேட்டோம்.

"பயமில்லாமலே? பயந்துகொண்டே கூட்டுறன்" என்றார்.

பதினொரு மணிக்குப் படகு வந்தது. இயந்திரம் இடையிலே நின்றுவிட்டதாம். மீன் அதிகமில்லை, சூடையும் சில பாரைகளும். வீட்டுக்கு வந்த கறிமீனிலே முதற் பங்கை ஒரு சட்டியிலே போட்டு, பேத்தியிடம் கொடுத்து, வேலிப் பொட்டால் அடுத்த வீட்டுக்கு அனுப்பினார் சின்னம்மா. அந்த வீட்டுக்காரரோடு வேலி எல்லைத் தகராறு ஐந்து ஆண்டாக நடக்கின்றது, பேச்சுவார்த்தை கிடையாது. ஆனாலும் திருவருகைக் காலத்திலே மீன் போகும். சற்று நேரத்திலே சட்டி திரும்பி வந்தது. உள்ளே ஒரு பிடி முருங்கையிலை. வெறுஞ்சட்டி திருப்பி அனுப்பும் வழக்கம் இங்கில்லை. அவ்வளவுதான் நடந்தது. வேலி இன்னும் பழைய இடத்திலேயே நிற்கின்றது.

இதற்கிடையிலே பிள்ளைகளிடம் ஒரு வழக்கு மூண்டிருந்தது. கூடத்து மூலையிலே பாலன் குடில் தயாராகிக்கொண்டிருந்தது. தீவனத் தொட்டி வெறுமையாக இருந்தது. ஒரு நற்செயலுக்கு ஒரு வைக்கோல் என்று நத்தாருக்குள் அதனை நிரப்பவேண்டும். பாலனுக்கு அதுவே மெத்தை. எம் மகன் கொழும்பு வேகத்திலே ஒரு பிடி வைக்கோலை அள்ளி வைத்துவிட்டான். தம்பியின் மகள் அத்தனையையும் வெளியே எடுத்து, ஒன்றை மட்டும் உள்ளே வைத்து, "நீ காலையிலே பாட்டிக்குச் செம்பு எடுத்துக் கொடுத்தாய், அதுக்கு இது" என்று தீர்ப்பளித்தாள். நாம் அதைக் கேட்டுச் சிரித்தோம். பின்பு, எமது கணக்கிலே எத்தனை தேறும் என்ற யோசனை வந்தபோது சிரிப்பு நின்றது. அன்றிரவு எல்லாரும் உறங்கியபின், நடுங்கும் கையோடு சின்னம்மா விளக்குக்கு எண்ணெய் வார்க்க முயல்வதைக் கண்டு, எழுந்துபோய்ப் போத்தலை வாங்கி நாமே வார்த்தோம். வைக்கோல் ஏதும் வைக்கவில்லை. வளர்த்த தாய்க்கு எண்ணெய் வார்ப்பதை நற்செயல் என்று கணக்கில் எழுத வெட்கமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை நண்பகலிலே புறப்பட்டோம். எம் இல்லாளின் பையிலே கருவாடும் பனங்கிழங்கும் ஒரு துண்டுப் பூசணிக்காயும் ஏறியிருந்தன. சின்னம்மா படலைவரை வந்தார். நத்தாருக்கு நீங்கள் கொழும்புக்கு வாருங்கள் என்று அழைத்தோம். வரமாட்டார் என்று தெரிந்தே அழைத்தோம். "விளக்கை ஆர் பாக்கிறது?" என்றார். பின்னர், எதையோ நினைத்துக்கொண்டவர்போல, "மகன், போய்ச் சேர்ந்ததும் ரெலிபோன் எடு. நீ எடுக்கும்வரைக்கும் உன்ர பேரைச் சொல்லிக்கொண்டுதான் இருப்பன்" என்றார்.

பள்ளிமுனைப் பெருக்கு மரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டினோம். அதனால் ஒரு வண்டி தவறிற்று. வழியெங்கும் மழை, மதவாச்சிக்கு அப்பாலும் விடவில்லை. கொழும்பு வீட்டின் கதவைத் திறந்தபொழுது இரவு பதினொரு மணி. அந்நேரம் அங்கே எல்லாரும் உறங்கியிருப்பார்கள், விடிந்தபின் எடுக்கலாம் என்றாள் எம் இல்லாள். நனைந்த உடுப்போடு நின்றபடியே தொலைபேசியை எடுத்தோம். முதல் மணி அடித்து முடியுமுன்னரே மறுபுறத்திற் சின்னம்மாவின் குரல் கேட்டது.